மண்டூரிலிருந்து பம்பலப்பிட்டி வரை: அம்மாவின் பயணம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முதியோர் சேவையில் இருப்பதால் நிகழ்வு ஆய்வு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. "பயனாளி, பெண், வயது 74" என்று தொடங்கும். பெயர் இருக்காது. இந்தத் தடவை பயனாளி என் அம்மா. நடுநிலையாக எழுதுகிறேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். பிழை விட்டவர்களில் முதல் ஆளும் நான்தான். அதனால் மறைக்கவும் ஒன்றுமில்லை.

சங்கதி இதுதான். தங்கச்சியின் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுடைய பாடசாலையின் குழு நடனம் கோட்டம், வலயம் எல்லாம் தாண்டி மாகாணத்தில் முதலிடம் எடுத்து, அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டது. போட்டி கொழும்பு பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில். செய்தி வந்த அன்றே அம்மா பெட்டியைத் திறந்து சீலையை வெயிலில் போட்டுவிட்டார். "என்னம்மா, எங்க?" என்று தங்கச்சி கேட்டதற்கு, "கொழும்புக்கு" என்று பதில். பக்கத்துக் கடைக்குப் போய்வருவதைப் போலச் சொன்னாராம்.

அம்மா கடைசியாகக் கொழும்பு பார்த்தது சூறாவளிக்கு அடுத்த வருஷம். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வயதானவர்களுக்கு ஆண்டுக்கணக்கு 1978 நவம்பர் சூறாவளியில்தான் தொடங்கும். ஆக 1979. அதற்குப் பிறகு நாடு போன போக்கில் போகத் தோன்றவில்லை. பின்னர் முழங்கால் போகவிடவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்

இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. அம்மாவின் அப்பா ஒரு அண்ணாவியார். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் வடமோடி என்ற வகைக் கூத்துப் பழக்கியவர். சட்டங்கொடுத்து (அவரவர் பாத்திரத்தின் பாட்டை எழுதிக் கொடுத்து), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, அடுக்கு என்ற ஒத்திகை பார்த்து, கடைசியில் அரங்கேற்றம். விடிய விடிய ஆட்டம். வீட்டு முற்றத்திலேயே மத்தளமும் சல்லரியும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கூத்தாடும் களரியில் கால் வைக்க அனுமதியில்லை. அந்தக் காலக் கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்கள்தான் ஆடுவார்கள். ஓலைப்பாயில் இருந்து பார்த்துப் பார்த்தே தாளக்கட்டு முழுவதும் அம்மாவுக்குப் பாடம். தேங்காய் துருவும்போது வாய்க்குள் "தகதிகதா" ஓடும். அது சமையல் சத்தத்தில் ஒன்று என்றுதான் சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

பேத்தியின் குழு எடுத்த நடனம் கூத்தாட்டங்களைத் தழுவியது. வீசாணம், எட்டு, குத்துமிதி என்ற ஆட்டங்கள் எல்லாம் வரும். பழக்கியவர் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வந்த இளம் ஆசிரியை. ஒத்திகையைப் போனில் எடுத்துப் பேத்தி காட்டுவாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒருநாள், "அந்தக் கரையில நிக்கிற புள்ள எட்டை முடிக்காம ஓடுது" என்றார். கரையில் நின்றது பேத்திதான். அம்மாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

உடம்பும் வழியும்

பிரஷர், சீனி, இடது முழங்காலில் தேய்மானம். கால் வீங்குவதால் காலையில் ஒரு சலம் போகும் குளிசை, அதாவது ஃபுரூசமைட். கைத்தடி இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். இது ஆய்வுக்குத் தேவையான தகவல்தான்: தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் தடி பிடிக்கமாட்டார்.

வழியைப் பற்றி. மண்டூர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிறது. நேரே பிரதான வீதிக்கு வர வேண்டுமென்றால் குருமண்வெளிக்கு வாவியைக் கடக்க வேண்டும். மிதந்து வரும் அந்தத் தட்டை இங்கே "பாதை" என்போம். மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஒன்றாக ஏறுவார்கள். இல்லையென்றால் வெல்லாவெளி போய் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வர வேண்டும். அப்புறம் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதாவது கொழும்புப் பயணம் தொடங்குவதற்கு முன்பே ஒரு பயணம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இத்தனை மணிநேரம் என்று கணக்குப் போடுகிற நகரத்து ஆட்கள் இதைத்தான் மறப்பார்கள். நகரத்தில் வேலை செய்கிற நானும் மறந்தேன்.

முதல் திட்டம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு நாள் விவாதம். அண்ணன் வான் பிடிக்கச் சொன்னார். போய்வர 70,000 ரூபா கேட்டார்கள், அதோடு அந்தப் பேச்சு நின்றது. தங்கச்சி இரவு பஸ் என்றாள். படுத்துக்கொண்டே போகலாம், விடியக் கொழும்பில் நிற்கலாம். எனக்கு அதில் இரண்டு பயம். ஒன்று, 2023 ஜூலையில் மன்னம்பிட்டியில் பஸ் ஆற்றுக்குள் விழுந்ததிலிருந்து அந்தப் பாலம் என் மனத்தில் ஒரு மாதிரி நிற்கிறது. மற்றது பஸ்ஸில் கழிப்பறை இல்லை. கழிப்பறை இல்லாத பயணத்துக்கு வயதான பெண்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள்: முதல் நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். ஊரில் திருமணத்துக்குப் போய் மயங்கி விழுந்தவர்களை விசாரித்துப் பாருங்கள், பாதிப்பேர் இந்தக் கணக்குத்தான். சீனி வருத்தமும் சலக்குளிசையும் உள்ள ஆளுக்கு இது ஆபத்து. நாலு மணிநேரத்துக்கு மேல் காலை அசைக்காமல் இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயமும் கூடும். நீர் வற்றிய உடம்பில் அது இன்னும் கூடும்.

ஆகவே ரயில். கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கலாம், கால் நீட்டலாம். முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். திறந்த காலையிலேயே இரண்டாம் வகுப்பில் இரண்டு ஆசனம் எடுத்தேன். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் மேம்பாலப் படி ஏற வேண்டி வரும் என்பதற்காக அங்கே ஒரு உறவுக்காரப் பையனையும் நிற்கச் சொல்லி வைத்தேன். எல்லாம் ஒரு தாளில் எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "சரி" என்றார். அந்தச் "சரி"யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திகதி மாறியது

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு கிழமை தள்ளிவைத்தார்கள். காரணம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. யாரைக் குறை சொல்வது என்பதும் இந்த ஆய்வின் வேலை அல்ல. புதிய திகதிக்குப் போகும் ரயிலில் பதிவு ஆசனம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும் இரவு ரயிலில் மட்டும் மூன்று கிடைத்தது. பதிவில்லாத பெட்டியில் எட்டு ஒன்பது மணிநேரம், இடம் கிடைத்தால் இருக்கலாம், கிடைக்காவிட்டால் நிற்பது. நான் மண்டூருக்குப் போய், "இந்த முறை வேண்டாம் அம்மா, வீடியோவில பாப்பம்" என்று சொன்னேன்.

அம்மா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மன்னம்பிட்டியில சின்னாச்சிர மகள் இருக்கிறா."

"அதுக்கு?"

"முதல் நாள் அங்க போய்ப் படுப்பம். அடுத்த நாள் கதுறுவெலயில பஸ் வெளிக்கிடுற இடத்திலயே ஏறலாம். முன் சீற் எடுக்கலாம். கொழும்பில ஒரு நாள் கால நீட்டிக் கிடப்பன். மறுகா ஆட்டம்."

நாலு நாள் வாட்ஸ்அப்பில் ஆறு பேர் யோசித்து வராத யோசனை இது. நாங்கள் எல்லோரும் மட்டக்களப்பு, கொழும்பு என்று இரண்டு புள்ளியை வைத்து ஒரு கோடு இழுத்தோம். அம்மாவுக்கு அந்தக் கோட்டில் எங்கெங்கே சொந்தம் இருக்கிறது என்று தெரியும். பொலன்னறுவை மாவட்டத்தில் மன்னம்பிட்டி, முத்துக்கல் என்று பழைய தமிழ்க் கிராமங்கள் உண்டு; பஸ் வெளிக்கிடுகிற கதுறுவெலவும் அதே மாவட்டம்தான். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே கலியாணம் முடித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். பழைய காலத்தில் நீண்ட பயணம் போனவர்கள் இப்படித்தானே சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை திண்ணையாகத் தங்கிப் போயிருப்பார்கள்.

"இதை ஏன் முதலே சொல்லேல்ல?" என்று கேட்டேன். "நீ கேக்கேல்லயே. வாசிச்சாய்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். நான் யாருக்கோ போனில், "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றதைக் கேட்டுவிட்டு: "நான் போறன் மனே. நீ வாறாய்."

இடையில் ஒரு சிக்கல், கிளினிக் திகதி பயண நாளில் விழுந்தது. முதல் நாளே போய்க் கொப்பியைக் காட்டி மருந்தை எடுத்தோம். சலக்குளிசையைப் பற்றி வைத்தியரிடம் கேட்டேன். பயண நாளில் போய்ச் சேர்ந்த பிறகு போடலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது என்றார். இது அம்மாவுக்குச் சொன்னது. வேறு ஆட்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் நேரம் மாற்ற வேண்டாம்.

தயிர்ச்சட்டி

புதன்கிழமை காலை வெளிக்கிட்டோம். பொதி இரண்டு என்று பேசியிருந்தோம். பாதையடியில் பார்த்தால் நாலு. மூன்றாவது பைக்குள் கருவாடும் கச்சான் அல்வாவும். நாலாவது, ஓலைப்பெட்டிக்குள் வைத்துக் கயிற்றால் கட்டிய இரண்டு எருமைத் தயிர்ச்சட்டி. ஒன்று மன்னம்பிட்டிக்கு, மற்றது கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கப்போகும் வீட்டுக்கு. தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முந்நூறு கிலோமீற்றர் போக முடியாது என்று நான் விளக்கினேன். "வெறுங்கையோட போய்ப் பேத்திர ஆட்டம் பாக்கிறதா?" என்றார். பாதையில் மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒருவர் அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டார். எனக்கு ஆதரவில்லை.

தொழில்முறையாகப் பார்த்தால் அந்தச் சட்டி ஒரு பிழை. முழங்கால் வருத்தக்காரருக்குக் கூடுதல் சுமை, எனக்கு ஒரு கை குறைவு. ஆனால் மன்னம்பிட்டி வீட்டுப் படியில் ஏறியபோது அம்மாவின் நடையைப் பார்த்தேன். தடி என் கையில், சட்டி அவர் கையில். தங்க இடம் கேட்டு வந்த வயதான ஆள் அல்ல, தயிர் கொண்டுவந்த பெரியம்மா. என் கணக்கில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

வியாழன் கதுறுவெலயில் முதல் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவதில் முன் ஆசனம் பிடித்தோம். நடுவே சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் பத்து நிமிஷம் நடக்க வைத்தேன். மணிக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னேன், அம்மா அதைத் தாளத்துக்குச் செய்தார். பின்னேரம் வெள்ளவத்தை. கால் வீக்கம் வழக்கத்தை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வெள்ளி முழுக்க ஓய்வு. இதுவரை ஒரு குறையும் இல்லை. என் தலை சற்று நிமிர்ந்துதான் இருந்தது.

சனிக்கிழமை

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், நேரத்தோடு.

காலை 8 மணிக்கு மண்டபம். மேல்மாடி. ஒரு படிக்கட்டு, கைபிடி உண்டு, ஏறிவிட்டார். குலுக்கலில் எங்கள் குழுவுக்கு 14ஆம் இலக்கம், மொத்தம் 17 குழு. தொடங்கியது 9.40க்கு. ஒரு குழுவுக்கு உள்ளே வர, ஆட, வெளியேற ஏறத்தாழ 15 நிமிஷம். 12.30க்குச் சாப்பாட்டு இடைவேளை, ஒரு மணிநேரம் என்று அறிவித்தார்கள். நான் கடதாசியில் போட்ட கணக்கு: 11 குழு சாப்பாட்டுக்கு முன், எங்களுடையது 2 மணிக்கு.

அம்மா காலையில் சலக்குளிசை போடவில்லை. "ஆட்டம் முடியட்டும்" என்றார். 11.45க்குக் காலைப் பார்த்தேன், செருப்பு வார் அழுந்திய தடம் தெரிந்தது. ஃபுரூசமைட் வாயால் எடுத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வேலை தொடங்கும். ஒன்றிரண்டு மணிநேரத்தில் உச்சம். இப்போது போட்டால் 2 மணிக்கு முன் பெரும்பகுதி தீர்ந்துவிடும், ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். நல்ல கணக்கு. "இப்ப போடுங்க" என்றேன்.

"கூத்தில எந்த வரவு எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தார். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். போட்டார்.

12ஆம், 13ஆம் குழுக்கள் வரவேயில்லை. சாப்பாட்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். 12.25க்கு அம்மா என் கையைத் தொட்டு எழுந்தார். கழிப்பறை கீழ்த்தளத்தில், முற்றத்துக்கு அந்தப் பக்கம். இறங்குவதற்கே நாலு நிமிஷம். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கொடுமை. திரும்பி வந்து படிக்கட்டின் பாதியில் நிற்கும்போது மேலே மத்தளம் கேட்டது. ஒலிபெருக்கியில் அறிவித்ததை நான் கவனிக்கவில்லை. அம்மா முதல் அடியிலேயே நின்றுவிட்டார்.

"நம்மட புள்ளைகள்."

மிச்சப் படிகளை அவர் எப்படி ஏறினார் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தடியை நான் பிடித்திருந்தேன். முன்கதவு மூடியிருந்தது, பக்கக் கதவால் உள்ளே போய் அங்கேயே நின்றோம். எங்கள் கதிரைகள் நடுவில், போக முடியாது. முதல் ஒரு நிமிஷமும் சற்றும் போய்விட்டது. எஞ்சியதை அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி பார்த்தார். அந்தக் கோணத்தில் முழுக் குழுவும் தெரியாது. கரையில் நிற்கும் பிள்ளையின் கால் மட்டும் வெகு கிட்டத்தில் தெரியும்.

மூன்றாமிடம். பிள்ளைகள் அழுதார்கள், பிறகு படம் எடுத்தார்கள். ஆசிரியை அம்மாவைக் கும்பிட வந்தபோது அம்மா ஒன்றுதான் சொன்னார்: "மேடை வழுக்குது பிள்ள. குத்துமிதிக்குப் பயந்து மிதிச்சதுகள்." மண் களரியில் ஆடுவதற்கென்று வந்த ஆட்டம், மெருகு போட்ட பலகையில். அது நடுவர்கள் சொன்ன குறையா என்று எனக்குத் தெரியாது. ஆசிரியை கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

பிசகு எங்கே

தங்கச்சி, அன்றைக்கு ஒருநாள் குளிசையை விட்டிருக்கலாம் என்கிறாள். எனக்கு உடன்பாடில்லை. அண்ணன் இன்னும் வீடியோதான் சரி என்கிறார். அவரோடு வாதிடப் போவதில்லை.

என் கணிப்பு வேறு. பயண நாளில் போய்ச் சேர்ந்த பிறகு போடலாம் என்று வைத்தியர் சொன்ன வழி எங்கள் கையில் இருந்தது. போட்டி நாளைப் பயண நாள் என்று நான் எண்ணவில்லை. பஸ்ஸில் இருந்தால்தான் பயணம், மண்டபத்தில் இருந்தால் வந்து சேர்ந்தாயிற்று என்ற நினைப்பு. அம்மாவின் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே பிளாஸ்டிக் கதிரை, அதே தொங்கிய கால், தூரத்தில் கழிப்பறை, எப்போது முடியும் என்று தெரியாத நேரம். சொல்லப்போனால் பஸ் மேல். அது எங்கே நிற்கும் என்று சாரதியைக் கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது? மூன்று நாள் ஓட்டத்தை மணிக்கணக்காகப் பிரித்து எழுதிய என் தாளில், மண்டபத்துக்கு ஒரு வரிதான் இருந்தது: "காலை 8, போட்டி". எந்தத் தளம், கழிப்பறை எங்கே, கதவோரம் கதிரை கிடைக்குமா என்று ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். கதவோரம் இருந்திருந்தால் அரை நிமிஷமாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று. திட்டத்தில் சரியாக நடந்த பகுதிகளைப் பார்த்தால் மன்னம்பிட்டி அம்மாவுடையது, முதல் பஸ்ஸை விட்டது அம்மாவுடையது, ஓய்வு நாள் அம்மாவுடையது. ரயில் ஆசனம், கோட்டையில் பையன், 11.45 குளிசை ஆகியவை என்னுடையவை. இதில் ரயிலுக்கு நான் பொறுப்பில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் படிவத்தில் "பயனாளியின் விருப்பம்" என்று ஒரு கட்டம் உண்டு. "பயனாளியின் யோசனை" என்று ஒரு கட்டம் இல்லை. அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

திரும்பும் ரயில்

பேத்தியை ஆசிரியையிடம் கேட்டு எங்களோடு கூட்டி வந்தோம். மூன்றாவது ஆசனம் அவளுக்கு. அம்மா இரவுக் குளிசைகளைப் போட்டுவிட்டுத் தூங்கினார். காலியான ஓலைப்பெட்டி காலடியில், உள்ளே வெள்ளவத்தைக்காரர் கொடுத்த கேக்கும் ஒரு குடையும்.

மின்னேரியாப் பக்கம் ரயில் மெதுவாகி, பிறகு நின்றது. 2025 பெப்ரவரியில் இந்தப் பாதையில்தான் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அம்மா விழித்துக்கொண்டு, "யானைக்கா நிக்குது?" என்றார். இருக்கலாம் என்றேன். வெளியே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை.

பேத்தியும் தூங்கவில்லை. "அம்மம்மா, முதல்ல நீங்க பாக்காத துண்டு இருக்கு" என்று போனை நீட்டினாள். கூட ஆடியவளின் அண்ணன் எடுத்தது. திறந்தால் திரை முழுக்க முன்வரிசையில் இருந்த ஒரு ஆளின் பின்தலை. ஓரத்தில் இரண்டு கை மட்டும் வந்து வந்து போனது. பேத்திக்கு அழுகை வந்துவிட்டது.

"இரு கா" என்று அம்மா போனை வாங்கிக் காதோடு வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். விரல் ஓலைப்பெட்டி மூடியில் தட்டியது.

"வீசாணம்… இது வீசாணம்தானே?"

"ஓம் அம்மம்மா."

"இப்ப கிறுகிறீங்க. எட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "நீ முடிச்சியா?"

"முடிச்சன்."

ரயில் ஒரு இழுவையோடு மீண்டும் வெளிக்கிட்டது. அந்தச் சத்தத்தில் மத்தளம் கேட்கவில்லை. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மறுகா போடு."